கள்ளச்சாவியின் மெட்டு

எல் ஆல்டோவில் வியாழக்கிழமைச் சந்தை.
பழைய பஸ் டயருக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவில்
ஒன்றரை மீட்டர் நீலத் தார்ப்பாய் என்னுடையது.
தலைக்கு மேல் கேபிள் கார்.
அதன் நிழல் நிமிடத்துக்கு ஐந்து முறை
என் மேசையைத் துடைத்துவிட்டுப் போகும்.

மூச்சு நின்ற கணினிகள் என்னிடம் வரும்.
நான் கேட்பது ஒரு காலி பென்டிரைவ்,
இருபது நிமிடம், பன்னிரண்டு பொலிவியானோ.
சுண்டுவிரல் அளவுத் துண்டுக்குள்
ஒரு முழு வீட்டையும் மடித்து வைப்பேன்.
செத்த இயந்திரம் அதைக் கவ்விக்கொண்டு எழும்.

மடிக்கிற மென்பொருளுக்கு விலை உண்டு.
விலை கேட்கும் பெட்டியை
ஒன்பது வருடமாக நான் பார்த்ததேயில்லை.
என்னிடம் இருந்தது கள்ளச்சாவி.
திறந்தால் அது ஒரு பாட்டு பாடும்.
நிஜமாகத்தான்.
பொம்மைக் கார்களின் ஹாரன்கள்
ஒன்றுகூடிக் கச்சேரி வைத்த மாதிரி.
எந்த ஊரின் எந்த ராத்திரியில்
பூட்டை உடைத்த கையோடு உட்கார்ந்து
மெட்டுப் போட்டானோ அந்த மகராசன்!
உரிமம் விற்கிறவர்கள் எனக்குப் பாடியதில்லை.
கோழிக்காரி பாசிலியா அதற்கு இடுப்பை ஆட்டுவாள்.

ஜூலையில் மகப்பேறு நிலையத்திலிருந்து அழைப்பு.
மின்கட்டணம் ஏறிவிட்டதாம்.
பதிவு மேசைக் கணினியின் காற்றுத் துளைக்கு நேரே
மூன்று ஜோடி கையுறைகள் காய்ந்துகொண்டிருந்தன.
பக்கத்தில் மடித்த ஒரு துண்டு.
"பிறந்ததைச் சுற்ற" என்றாள் நர்ஸ் டெல்ஃபினா.
"ராத்திரி மூன்று மணிக்கு
யாரும் தொடாமலே சூடாகிவிடும்.
ரொம்ப நல்ல கணினி."

யாரும் தொடாமலே.

உட்கார்ந்து தேடினேன்.
நான் மடித்துக் கொடுத்த வீட்டின் மடிப்புக்குள்
ஒருவன் படுத்திருந்திருக்கிறான்.
ஊர் உறங்கியதும் எழுந்து
எவனுக்கோ காசு தோண்டியிருக்கிறான்.
மெட்டுப் போட்டவனேதானா,
அவன் பெயரில் வேறொருவனா?
சாவிக்கு முகவரி கிடையாது.

மின்கட்டணத்துக்கு ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு வந்து
நோட்டைப் புரட்டினேன்.
இருநூற்றுப் பதினேழு கணினிகள்.
இரண்டு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம்,
நாய்க்கடி ஊசி போடும் இடம், என் அக்கா வீடு.

உரிமம் வாங்கினேன்.
பாதிக் காசு பாசிலியாவிடம் கடன்.
"மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே" என்றது பெட்டி.
பாட்டில்லை.
ஒரு பயனர், ஒரே கணினி என்றும் எழுதியிருந்தது.
என் கணினியோ
ஐந்து பிணங்களைச் சேர்த்துத் தைத்தது.
மதர்போர்டு மாற்றிய அன்றே
"இது உங்கள் கணினி அல்ல" என்று கதவைச் சாத்திற்று.
கடிதம் எழுதினேன்.
பதினோராம் நாள் வந்த பதிலில்
என் பெயர் தப்பு, மன்னிப்பு மட்டும் பிழையில்லாமல்.

"இதையா காசு கொடுத்து வாங்கினாய்?" என்றான்
கோழி கொண்டுவந்து இறக்கும் லாரிக்காரன் சாந்துஸ்.
இலவசமாகவே ஒன்று இருக்கிறதாம்.
திருட்டில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று
யாரும் பிரித்துப் பார்க்கலாம்.
பூட்டே இல்லாத கதவு.
ஒன்பது வருடம்
பக்கத்துக் கதவின் பூட்டை நோண்டியிருக்கிறேன்.

வீடு வீடாகப் போனேன். கூலி வாங்கவில்லை.
சிலர் உள்ளே விடவில்லை,
"போன தடவையும் நீதானே" என்றார்கள். நியாயம்.
மகப்பேறு நிலையத்தை மட்டும்
கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்தேன்.
குளிர் போகட்டும் என்று.
இங்கே குளிர் எப்போது போயிருக்கிறது?

அக்டோபர், இரவு இரண்டரை.
புது பென்டிரைவைச் சொருகி உட்கார்ந்திருந்தேன்.
டெல்ஃபினா வந்து பெட்டியின் மேல் கை வைத்தாள்.
"செத்துவிட்டதா?"
"இல்லை, குணமாகிக்கொண்டிருக்கிறது."
"அப்புறம் ஏன் ஜில்லென்று இருக்கிறது?"

உள்ளறையில் யாரோ முக்கும் சத்தம்.
துண்டை எடுத்துத் தன் சட்டைக்குள்
வயிற்றோடு வைத்துக்கொண்டு ஓடினாள்.
திரையில் பச்சைக் கோடு
அறுபத்து நான்கு சதவீதத்தில் ஊர்ந்தது.
கதவருகே பெஞ்சில் இருந்த ஒருவர்
என்னையே பார்ப்பது தெரிந்த பிறகுதான்
நான் முணுமுணுத்துக்கொண்டிருப்பது உறைத்தது,
அந்த மெட்டை.